உள்ளங்கைக் குழி அளவு

அட்டை கடித்தால் வலிக்காது. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். சாக்ஸுக்குள் ஏதோ பிசுபிசுக்கிறதே, ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாம் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்போம். தோட்டத்து ஸ்டோர் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் சங்கதி தெரியும். சாம்பல் நிற சாக்ஸ் கணுக்கால் வரை கறுத்திருக்கும். உள்ளே ஒரு ஜீவன் நாவல்பழம்போல உருண்டு, விருந்துண்ட மாப்பிள்ளையாகக் கிடக்கும். பிடுங்கி எறிந்த பிறகும் ரத்தம் நிற்காது. ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளை அது தன் எச்சிலோடு சேர்த்து உள்ளே விட்டுவிடுகிறது. அட்டை போன பிறகும் வெகுநேரம் கசிந்துகொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அணக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். தோட்டம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தா வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர். கம்பத்தில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. வாரம் ஒருநாள் ஜீப்பில் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலைப்பாதையில் குலுங்கி, காய் எடுக்க வரும் அக்காமார்களோடு மேலே போய்விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவேன்.

பாங்கு கேட்டது. எதிர்ச் சரிவில் இருக்கும் பள்ளிவாசலிலிருந்து அஸர், அதாவது பிற்பகல் தொழுகைக்கான பாங்கு, மணி நான்கு ஆவதற்குள். கம்பத்தில் அதே அஸருக்குப் பாங்கு சொல்ல ஏறக்குறைய ஐந்து மணி ஆகும். குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் மொழி மட்டும் மாறுவதில்லை, மத்ஹபும், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவும், மாறிவிடுகிறது. கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ராவுத்தர்கள் நாங்கள் ஹனபிகள். மேலே மலையாளத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிகள். உச்சிவேளை நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அந்தப் பொருளின் அளவுக்கு வளர்ந்தால் அவர்களுக்கு அஸர். இரண்டு மடங்கு வளர்ந்தால்தான் எங்களுக்கு. ஏலச்செடிக்கு நடுவே நின்று மழைமேகத்தில் நிழல் தேடிப் பார்த்தவனுக்குத்தான் இந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

எங்கள் ஜீப் டிரைவர் மலையாளி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் இக்காதான். பாங்கு முடிந்ததும் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தவர் என்னைப் பார்த்தார்.

"வருகிறாயா மோனே?"

"ரத்தம் பட்டுவிட்டது இக்கா. பேண்ட் எல்லாம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கீழே போய்க் குளித்துவிட்டுத் தொழுதுகொள்கிறேன்."

"உன் ரத்தம்தானே? அட்டை கொண்டுவந்த ரத்தமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மலைப்பாதையில் மரம் விழுந்திருந்தது. குமுளியிலேயே ஜீப் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. ஒரு சாக்ஸுக்காகவும் அரைச் சாண் பேண்ட் துணிக்காகவும் என் அஸர் நேரம் தவறிக் களாவானது. மழையில் வரிசைகட்டி நின்ற பஸ்களின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, அந்தி நேரத்து மஃரிப் பாங்கைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் எனக்கு என்மேல் கோபம் வந்தது. தொழாதவன் என்றால் அது வேறு கதை. நான் தொழுகிறவன். தொழுகிறவனையே தொழவிடாமல் செய்யும் ஒரு 'சுத்தம்' எனக்குள் எங்கிருந்து வந்தது?

அத்தா கற்றுக்கொடுத்தது அப்படி இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது இதே ஸ்டோர் திண்ணையில், இதே மாதிரி அட்டைக்கடியோடு அழுதுகொண்டிருந்தேன். அத்தா என் வலது கையை நீட்டச் சொன்னார். செம்பிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினார். "விரலைத் தட்டையாக விரி" என்றார். விரித்தேன். தண்ணீர் ஓரங்களில் வழிந்தோடி, நடுவில் மட்டும் பழைய வெள்ளிக்காசு அளவுக்குக் கொஞ்சம் தேங்கி நின்றது. "இவ்வளவுதான் கணக்கு. துணியில் பட்ட ரத்தம் இந்த வட்டத்துக்கு மேலே போனால் கழுவாமல் தொழக்கூடாது. இதற்குள் இருந்தால் தொழுகை கூடும். கழுவ முடிந்தும் அப்படியே விடுவது அழகில்லை, அவ்வளவுதான்." சட்ட நூல்கள் திர்ஹம் அளவு என்று சொல்வதை அத்தா அன்றைக்கு எனக்குக் கண்ணால் காட்டினார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. அத்தாவின் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, தாம்பாளம் மாதிரி இருக்கும். என் கை சின்னது. யார் கையை வைத்து அளப்பது? கேட்டேன். அத்தா சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

அட்டையைப் பற்றி எங்கள் ஹனபி நூல்களில் பெயர் சொல்லியே பேச்சு இருக்கிறது. அட்டை குடித்துப் பெருத்து, அதைப் பிதுக்கினால் ரத்தம் வழியும் அளவுக்கு ஆகிவிட்டால் ஒளு முறிந்தது. ஈயும் கொசுவும் குடித்தால் முறியாது. என்றைக்கோ, எந்த ஊரிலோ உட்கார்ந்து எழுதியவர் அட்டைக்கும் கொசுவுக்கும் வித்தியாசம் பார்த்து எழுதியிருக்கிறார். அவரும் எங்கேயோ ஈரக்காட்டில் நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கற்பனை.

இக்காவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஷாபி மத்ஹபில் முன், பின் துவாரங்கள் வழியாக அல்லாமல் உடம்பில் வேறு எங்கிருந்து ரத்தம் வந்தாலும் ஒளு முறியாது. துணியில் பட்ட ரத்தம் அவர்களுக்கும் நஜீஸ்தான், அதாவது தொழுகைக்கு ஆகாத அசுத்தம்தான். ஆனால் தன் உடம்பிலிருந்தே வந்த, தவிர்க்க முடியாத கொஞ்சம் ரத்தத்துக்கு மன்னிப்பு உண்டு. 'உன் ரத்தம்தானே?' என்று அவர் கேட்டது கிண்டல் அல்ல, சட்டம். பின்னொரு நாள் அவர் எனக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். தாதுர் ரிகா படையெடுப்பின்போது இரவுக் காவலுக்கு நின்ற மதீனாவாசியான அன்சாரித் தோழர் ஒருவர் தொழுதுகொண்டிருந்தார். எதிரி ஒருவன் அம்பு எய்தான். பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். மறுபடி எய்தான். மறுபடியும் தொடர்ந்தார். ஹதீஸ் என்னும் நபிமொழிகளின் தொகுப்பான அபூதாவூதில் இருக்கிறது. ரத்தம் ஒளுவை முறிக்கும் என்றால் அவர் எப்படித் தொடர்ந்திருப்பார் என்பது ஷாபிகளின் வாதம். ஹனபிகளிடம் அதற்குப் பதில் உண்டு. அதை இங்கே அவிழ்த்தால் இந்தக் கட்டுரை மதரஸா ஆகிவிடும்.

நான் சொல்ல வருவது வேறு. நாங்கள் 'சுத்தம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். ஒன்று நஜீஸ். இன்னொன்று அழுக்கு. சேறு அழுக்குதான், நஜீஸ் அல்ல. வியர்வை, ஏலக்காய்ப் பிசின், வாழைக்கறை, ஜீப் கிரீஸ், சமையல் எண்ணெய் எதுவும் நஜீஸ் அல்ல. மறுபக்கம், பெட்டி போட்டு மடித்த வெள்ளைக் கைலியில் ஒரு துளி சிறுநீர் தெறித்திருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அது நஜீஸ். மண்ணோடு வருகிறவனைக் கண்டால் ஒதுங்குகிறோம். பளிச்சென்று வருகிறவனைக் கண்டால் முன்வரிசையில் இடம் விடுகிறோம்.

ஒருமுறை ஒரு பள்ளிவாசலில், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, கிணறு தோண்டும் வேலையிலிருந்து நேராக வந்த ஒருவர் ஹவுள் தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். கைலியில் செம்மண். நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், விரிப்பு புதிது என்றும், வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாமே என்றும் நயமாகத்தான் சொன்னார். அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். தொழுகைக்குத் திரும்பி வரவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் ஸஃப் வரிசையில் நின்றேன். மதீனாப் பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு கிராமத்து அரபி சிறுநீர் கழித்தபோது, பாய்ந்து வந்த தோழர்களைத் தடுத்து, அவர் முடிக்கட்டும் என்று விட்டு, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னவர் நபி (ஸல்). புகாரியில் இருக்கிறது, எல்லா ஜும்ஆ பயானிலும் வருகிறது. செம்மண்ணுக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தேவையில்லை. எங்களுக்கு விரிப்புதான் பெரிதாகிவிட்டது.

இந்தச் சட்டங்கள் விரிப்பு போட்டவர்களுக்காக வந்தவை அல்ல. ஒட்டகத்தோடும் ஆட்டோடும் மணலில் கிடந்தவர்களுக்கு வந்தவை. ஆட்டுக் கிடையில் தொழலாமா என்று கேட்டார்கள். தொழலாம் என்றார் நபி. ஒட்டகம் படுக்கும் இடத்தில்? வேண்டாம் என்றார். பூமி முழுவதும் எனக்குத் தொழுமிடமாகவும் தூய்மை தருவதாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். செருப்போடு தொழுத காலம் அது. பள்ளிக்கு வந்தால் செருப்பைத் திருப்பிப் பாருங்கள், ஏதாவது இருந்தால் துடைத்துவிட்டுத் தொழுங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. 'உம் ஆடைகளைத் தூய்மைப்படுத்துவீராக' என்று குர்ஆனின் 74ஆம் அத்தியாயத்தில் ஆரம்ப காலத்திலேயே வந்த கட்டளையும் மக்காவின் புழுதித் தெருக்களில் நடந்தவருக்கு வந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சட்டம் சாலைச் சேற்றுச் சட்டம். ஷாபி நூல்களில் வருவது. மழைக்காலத் தெருவில் சாணமும் சாக்கடையும் கலந்த சேறு தெறிக்கிறது. நஜீஸ் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், சாதாரணமாகத் தவிர்க்க முடியாத அளவுக்கு மன்னிப்பு. அந்த அளவும் பருவத்தைப் பொறுத்து மாறும், துணியில் பட்ட இடத்தைப் பொறுத்தும் மாறும். மழைக்காலத்தில் மன்னிப்பது கோடையில் மன்னிக்கப்படாது. கைலியின் கீழ் ஓரத்தில் மன்னிப்பது சட்டைக் கையில் மன்னிக்கப்படாது. இதை இக்கா சொன்னபோது, குமுளி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சபரிமலை சீசன் மழையில் நின்றவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்றேன். கார்த்திகை, மார்கழியில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. மாலை போட்ட சாமிமார்களும் கறுப்பு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, எங்களைப் போலவே சேற்றுக்குத் தப்பித் தப்பி நடப்பார்கள். சாலைச் சேறு யாருடைய விரதத்தையும் பார்ப்பதில்லை.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய பாடு. அம்மாவுக்கு முழங்கால் நன்றாக இருந்தவரை காய் எடுக்கும் நாட்களில் மேலே வருவார். மற்ற அக்காமார்கள் சேலைமேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றியிருப்பார்கள். அம்மாவும் அப்படித்தான். ஒரு மஞ்சப்பைக்குள் வெள்ளைத் துப்பட்டி மட்டும் தனியாக வரும். அந்தப் பையில் சோற்றுத்தூக்கை வைக்கவிடமாட்டார். நண்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் சாக்கை அவிழ்த்துவிட்டு, காலை ஓடையில் கழுவிக்கொண்டு, துப்பட்டியைப் போர்த்தி, கழுத்துக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டு நிற்பார். சேலைக்கரை ஒரு சாண் உயரத்துக்குச் சேறாகத்தான் இருக்கும். ஒரு பெண் நபியின் மனைவி உம்மு சலமாவிடம், என் ஆடை தரையில் இழுபடுகிறது, அசுத்தமான இடங்களில் நடக்கிறேன், என்ன செய்வது என்று கேட்டார். அடுத்து வரும் நல்ல மண் அதைச் சுத்தப்படுத்திவிடும் என்று நபி சொன்னதாக உம்மு சலமா பதில் சொன்னார். அம்மா இதைப் படித்தவர் இல்லை. நன்னி, அதாவது பாட்டி, சொல்லிக் கேட்டவர். 'மண்ணு பட்டது மண்ணிலேயே போகும்' என்பது நன்னியின் வாக்கு.

இக்காவைப் பழிவாங்க எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது. ஸ்டோரில் ஒரு நாய் இருக்கிறது. மழையில் நனைந்துவிட்டு வந்து, ஆட்கள் நடுவில் நின்று உடம்பைச் சிலிர்ப்பதில் அதற்கு ஒரு ஆனந்தம். இக்கா தாவிக் குதித்து ஜீப்பில் ஏறிவிட்டார். ஷாபிகளுக்கு நாய் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த தண்ணீரால். எங்களுக்கு நாயின் எச்சில்தான் நஜீஸ், உடம்பு அல்ல. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். "உங்கள் ரத்தம் லேசு, எங்கள் நாய் லேசு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்ததே தவிர, ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

வெளியே போகும் இடத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியது அட்டையும் அல்ல, சேறும் அல்ல. கழிப்பறை. மலைப்பாதையோரக் கட்டணக் கழிப்பறைகளில் தண்ணீர் வராத குழாயும், நின்றுகொண்டு போக மட்டுமே வழியுள்ள பீங்கானும்தான் என் தொழுகைக்கு எதிரி. தெறிக்கும் துளி எங்கே பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கப்றுக்குழியில் வேதனை செய்யப்படும் இருவரில் ஒருவர் சிறுநீரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளாதவர் என்ற ஹதீஸைச் சிறுவயதில் கேட்டதிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. இப்போதெல்லாம் ஒரு லிட்டர் பாட்டிலும், பாலிதீன் பையில் மடித்த கைலியும் என் பையில் நிரந்தரம். பேண்டுக்கு மேல் கைலியைக் கட்டி, உள்ளே இருந்து பேண்டை உருவி எடுப்பது எங்கள் பக்கத்தில் எந்த ஆணுக்கும் தெரிந்த வித்தை. மழையில் ஒற்றைக்காலில் நின்று செய்வதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். துணியில் கண்ணுக்குத் தெரியாத நஜீஸ் பட்டது என்றால் எங்கள் கணக்கு மூன்று முறை நனைத்து மூன்று முறை பிழிவது. ரத்தம்போலக் கண்ணுக்குத் தெரிவது என்றால் அது போகும்வரை கழுவுவது. பொருள் போய்க் கறை மட்டும் நின்றால் அதற்குக் குற்றமில்லை. தண்ணீர் போதும், அதன் தடம் உனக்குத் தீங்கு செய்யாது என்று கவ்லா என்ற பெண்ணிடம் நபி சொன்னதாக ஹதீஸ் உண்டு. சோப்புக் கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் நாட்கள். மருந்து நஜீஸ் அல்ல. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் அடித்த ஆள், நனைந்த சட்டையோடு நின்று தொழுதால் அந்தத் தொழுகை செல்லும். ஆனால் அந்த நாற்றத்தில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலை சுற்றும். பூண்டு தின்றவர் வாசனை போகும்வரை பள்ளிப் பக்கம் வர வேண்டாம் என்று சொன்ன மார்க்கம் இது. அத்தா கடைசி காலத்தில் இருமியபோதெல்லாம், அவர் அதே சட்டையோடு நெற்றி தரையில் பட ஸுஜூதில் கிடந்த மாலைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. சட்டை ஷரீஅத்துப்படி சுத்தமானதுதான். அதனால்தான் யாரும் அதைக் கழற்றச் சொல்லவில்லை. இப்போது மருந்தடிக்கிறவர்களுக்கு மாற்றுச்சட்டையும் சோப்பும் ஸ்டோரில் வைத்திருக்கிறேன். கையுறை வாங்கி வைத்தேன். அதை யாரும் போடுவதில்லை.

எங்கள் ஊரில் ஒளு செய்யும் தண்ணீரும் மேலே இருந்து வருவதுதான். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. ஷாபி மலையில் பெய்த மழையில்தான் ஹனபி ஊர் கைகால் கழுவுகிறது. இரண்டு மாநிலத்துக்கும் அந்தத் தண்ணீரில் வழக்கு உண்டு. ஒளுவில் வழக்கில்லை.

இந்த ஆண்டு ஐப்பசியில் மறுபடியும் அதே திண்ணை, அதே மழை. சாக்ஸைக் கழற்றினேன். கணுக்காலில் ஒரு கீற்று ரத்தம். பேண்ட் ஓரத்தில் பட்டதை உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தேன். குழிக்குள் அடங்கியது. காலைக் கழுவி, துணியைக் கிழித்துக் கட்டு போட்டு, கசிவு நிற்கும்வரை காத்திருந்து, ஒளு செய்துவிட்டு வந்தேன். காய் கொட்டி வைக்கும் பச்சைப் படுதாவைக் கழுவி விரித்திருந்தார் இக்கா. அவருடைய அஸர், எனக்கு இன்னும் நேரம் ஆகவில்லை. ஆனால் எங்கள் மத்ஹபின் இமாம் அபூ ஹனீபாவின் இரண்டு மாணவர்கள், அபூ யூசுபும் முஹம்மதும், ஒரு மடங்கு நிழலே போதும் என்று சொன்னவர்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு இக்காவின் பின்னால் நின்றேன்.

கடைசி இருப்பில் பார்வை மடியைத் தாண்டிப் போய்விட்டது. படுதாவின் ஓரத்தில் ஒரு அட்டை. மெலிந்து, நூல் போல, பசியோடு. முன்வாயை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து வைத்து, மறுபடி நீண்டு, சாண் சாணாக அளந்துகொண்டு என்னை நோக்கி வந்தது. தொழுகையில் பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதி இருக்கிறது. அட்டையைப் பற்றி எதுவும் நினைவுக்கு வரவில்லை. இக்கா, கடைசி இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்தை நிதானமாக ஓதுகிறவர்.

அவர் ஸலாம் கொடுத்து, நானும் கொடுத்து முடித்தபோது அது என் பெருவிரலில் ஏறியிருந்தது. இக்கா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, உப்பு எடுத்துவர ஸ்டோருக்குள் போனார்.